பல்பு விலைச் சீட்டில் லூமென் எண்ணையும் போட வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்பாளர் குழு,
ஜெலுத்தோங், பினாங்கு.

பெறுநர்:
மாநில இயக்குநர் அவர்கள்,
உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு,
பினாங்குக் கிளை.

பொருள்: பல்பு, டியூப் லைட் விற்பனையில் வெளிச்ச அளவை மறைப்பதும், வாட்டைக் கூட்டி எழுதுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பல்பு விற்கும் கடைகளில் விலைச் சீட்டிலேயே, பல்பு எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதைக் காட்டும் லூமென் எண்ணும் இருக்க வேண்டும் என்று எங்கள் குடியிருப்பாளர்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

குண்டு பல்பு இருந்த காலத்தில் வாட்டைப் பார்த்து வாங்கினால் போதும். எந்தக் கம்பெனியின் 60 வாட் பல்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எரியும். அந்தப் பழக்கத்தில் வாட் என்றாலே வெளிச்சம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்துக்கு அளவு லூமென். 60 வாட் குண்டு பல்புக்கு ஈடாக ஏறக்குறைய 800 லூமென் என்று கணக்கு வைப்பார்கள். அதே 800 லூமெனை சிஎஃப்எல் (சுருண்ட சிறு டியூப் பல்பு) 14 வாட்டிலும், நல்ல எல்இடி 8 அல்லது 9 வாட்டிலும் தந்துவிடும். நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குக் குண்டு பல்பு சுமார் 110 யூனிட் தின்னும், சிஎஃப்எல் 26, 9 வாட் எல்இடி 16. குண்டு பல்பில் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடுதான்.

சரி, இது இப்போது எல்லாருக்கும் தெரிந்த கதை. சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஒரு வாட்டுக்கு 80 லூமென் தரும் எல்இடியும் கடையில் உண்டு, 100 லூமென் தாண்டுவதும் உண்டு. 9 வாட் என்று எழுதிய இரண்டு பல்பில் ஒன்று 720 லூமென் தரும், மற்றது 900 தரும். கரண்டு பில் ஒன்றுதான், வெளிச்சம் வேறு. வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

எங்களுக்கே நேர்ந்ததைச் சொல்கிறோம். எங்கள் மாடிப்படிகளில் 4 அடி டியூப் லைட் இருந்தது. பழைய 36 வாட் டியூப், இரும்புச் சோக் இழுப்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 45 வாட். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை எரியும்போது ஒரு டியூப்புக்கு ஆண்டுக்கு 197 யூனிட். 18 வாட் எல்இடி டியூப் போட்டால் 79 யூனிட்தான். பராமரிப்புக் கட்டணத்திலிருந்து கட்டும் பில் என்பதால் கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. வாங்கிய பெட்டியில் '18 வாட், 36 வாட்டுக்குச் சமம்' என்று பெரிதாக இருந்தது; லூமென் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாட்டிய பிறகு படி மங்கிப்போய், வயதானவர்கள் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கும் நிலை. எங்கள் மாடியில் குடியிருக்கும் வயர்மேன் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். 11 வாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "லைட் எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இதை நாங்கள் பார்க்கவில்லை.

'இத்தனை வாட்டுக்குச் சமம்' என்ற வாசகம்தான் எங்களுக்குப் பெரிய உறுத்தல். எதை வைத்துச் சமம் என்று சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 60 வாட்டுக்குச் சமம் என்று எழுத 806 லூமென் வேண்டும், 100 வாட்டுக்கு 1,521. அங்கே 2010 செப்டம்பர் முதல் பெட்டியில் லூமென் எண், வாட் எண்ணைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அமெரிக்காவிலும் 2012 முதல் பெட்டியின் முகப்பிலேயே லூமென். நம் நாட்டிலும் 2013 முதல் விளக்குகளுக்குக் குறைந்தபட்சச் செயல்திறன் விதி இருக்கிறது. எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஒழுங்கான கம்பெனிகளின் பெட்டியில் லூமென் எண் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் ஓரத்தில் எறும்பு எழுத்தில்.

பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் எல்இடி செய்யும் ஆலைகளுக்கு எங்கள் மாடியிலிருந்தும் ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள். எல்இடி ஆலைகளில் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து வகை பிரித்துத்தான் சரக்கை அனுப்புவார்கள். அப்படிப்பட்ட ஊரின் கடைகளில் லூமென் எழுதாத பல்பு விற்கிறது!

ஆகவே, விலைச் சீட்டில் விலைக்குப் பக்கத்தில் லூமெனும் வாட்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும்படி செய்யுங்கள். 6500 கெல்வின் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) வெள்ளை விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதால் அதுவே அதிக வெளிச்சம் என்று விற்கிறார்கள். நிறத்தின் எண்ணையும் தனியாகப் போட்டால் அந்தக் குழப்பம் குறையும். லூமென் காட்டாமல் 'சமம்' என்று மட்டும் எழுதிய பெட்டிகளை அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இதற்குப் புதிய ஆணை தேவை, அது புத்ராஜெயாவில் உள்ள அமைச்சின் தலைமையகத்திலிருந்துதான் வர வேண்டும் என்றால், தங்கள் பரிந்துரையோடு அங்கே அனுப்பி வையுங்கள்.

11 வாட் இழுப்பதை 18 வாட் என்று எழுதி விற்பதற்கோ புதிய சட்டம் எதுவும் வேண்டாம். பொய்யான வணிக விவரத்துக்கு 2011ஆம் ஆண்டு வணிக விவரச் சட்டமே போதும். தீபாவளி நேரத்தில் பண்டிகைக் கால விலை உச்சவரம்பைப் பார்க்கத் தங்கள் அதிகாரிகள் கடைகளுக்கு வருகிறார்கள். அப்போதே மின்பொருள் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் சில பல்புகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். விளக்கு அதிகம் விற்பதும் அந்த வாரங்களில்தான்.

டியூப் பெட்டியின் படம், மீட்டர் காட்டிய அளவின் படம், ரசீது நகல், இம்மனுவின் மலாய்ப் படி ஆகியவற்றை இணைத்துள்ளோம். சோதிக்க வேண்டுமென்றால் கழற்றி வைத்த டியூப்புகளையும் தரத் தயார். நகல் ஒன்று பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்பப்படுகிறது.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்பாளர்கள் சார்பில்.