வேலை முடிந்து வரும் இரவுக்கு ஒரு ட்ரே கேசரோல்

அன்புள்ள மீனு,

ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் 'பாலில் சீரியல்' என்று நீ சொல்வது இப்போதெல்லாம் அதிகமாகிவிட்டது. அம்மாவுக்குக் கவலை. எனக்குக் கோபம். மினியாபொலிஸ் குளிரில் வேலை முடித்து வருகிறவள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலையா குடிப்பது? அதனால் நீ கேட்காமலே எழுதுகிறேன். சின்ன வயதில் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாயே, கிங் ராஞ்ச் சிக்கன் கேசரோல், ட்ரேயில் அடுக்கி ஓவனில் வேகவைப்போமே, அதுதான். போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய்.

ஏழரை மணிக்குப் பசியோடு கிச்சனில் நின்று 'இன்னைக்கு என்ன பண்றது' என்று யோசிக்க ஆரம்பித்தால், கை தானாகப் போனை எடுத்து டெலிவரிக்குச் சொல்லிவிடும். அந்த யோசனையை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு நைட் டியூட்டி இருந்த வருஷங்களில் நான் அப்படித்தான் ஓட்டினேன். சாம்பார், பொரியல் என்று தொடங்கினால் உன்னைத் தூங்க வைக்கிற நேரம் தாண்டிவிடும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வருகிற ஆபீஸ் பாட்லக்கில் யாரோ கொண்டு வந்திருந்த இந்த ட்ரே என்னைக் காப்பாற்றியது. நம் டெக்சஸில் பாட்லக், சர்ச் விருந்து, பிள்ளை பெற்ற வீடு, துக்க வீடு என்று எல்லா இடத்துக்கும் இந்த ஒரே ட்ரேதான் போகும்.

சாமான் சொல்கிறேன். 9க்கு 13 அங்குல ட்ரே ஒன்று. கடையில் முழுசாகச் சுட்டு விற்கிற ரொடிசரி கோழி ஒன்று. மக்காச்சோள டோர்டியா, அதாவது சப்பாத்தி மாதிரி மெல்லிய ரொட்டி, பன்னிரண்டு. கிரீம் ஆஃப் மஷ்ரூம் சூப் ஒரு டின், கிரீம் ஆஃப் சிக்கன் ஒரு டின், தக்காளியும் பச்சை மிளகாயும் அடைத்த ரோட்டெல் ஒரு டின். துருவின சீஸ் இரண்டு கப், பாதி செடார், பாதி மான்டரே ஜாக். ஒரு வெங்காயம், ஒரு குடமிளகாய், நாலு பல் பூண்டு, சீரகத்தூள், சில்லி பவுடர். இவ்வளவுதான்.

கோழியை வாங்கி வந்த சூட்டிலேயே பிய்த்துவிடு. ஆறிப்போனால் சதை எலும்போடு ஒட்டிக்கொள்ளும், நேரமும் இரட்டிப்பாகும். மூன்று கப் சதை போதும். எலும்பைத் தூக்கிப் போடாதே. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் மறுநாளைக்கு ரசம் மாதிரி ஒரு சூப் கிடைக்கும். அதில் அரை கப்பை இதற்கும் எடுத்துக்கொள்.

வெங்காயம், குடமிளகாய், பூண்டை எண்ணெயில் வதக்கு. ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், இரண்டு டீஸ்பூன் சில்லி பவுடர் போட்டு அரை நிமிஷம் பிரட்டு. அப்புறம் இரண்டு சூப் டின், ரோட்டெல், எடுத்து வைத்த அரை கப் சாறு. கட்டி இல்லாமல் கலந்ததும் கோழியைப் போட்டு இறக்கிவிடு. உப்பு போடாதே. டின் சூப்பில் ஏற்கனவே நிறைய இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது. நம் கை பழக்கத்தில் ஒரு சிட்டிகை தானாக விழும், அதைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சில்லி பவுடர் என்றதும் அம்மா அனுப்பின மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்துவிடாதே. அமெரிக்கக் கடையில் அந்தப் பெயரில் விற்பது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் கலந்த பொடி. நம் ஊர்ப் பக்கம் நியூ பிரான்ஃபெல்ஸில் ஆற்றில் மிதவையில் படுத்துக்கொண்டு போவோமே, அந்த ஊரில்தான் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் 1890களில் அதைச் செய்து விற்க ஆரம்பித்தார். நம் குண்டூர் தூளை இரண்டு டீஸ்பூன் போட்டால் உன் ரூம்மேட் அன்றைக்கே வேறு வீடு பார்ப்பாள். வேறு வழியில்லை என்றால் அரை டீஸ்பூன் போதும், சீரகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்.

டோர்டியா கட்டாயம் சோளத்தில் செய்ததாக இருக்கட்டும். மைதா டோர்டியா சாஸில் ஊறினால் பசையாகிவிடும், எனக்குப் பிடிக்காது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவு அது. அந்த வாசனை வருவதே சுண்ணாம்பால்தான். மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இப்படித்தான் செய்கிறார்கள். சோளத்தில் இருக்கும் நியாசின் சத்து உடம்பில் சேருவதும் இந்தச் சுண்ணாம்பால்தான். வெறும் சோளத்தையே நம்பி வாழ்ந்த மற்ற நாட்டு ஏழைகளுக்கு பெல்லாக்ரா என்ற நோய் வந்தபோது, சுண்ணாம்பு சேர்த்துச் சாப்பிட்டவர்கள் அதிலிருந்து தப்பித்தார்கள். டோர்டியாவைத் தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிஷம் வாட்டி, நாலாகக் கிழித்துக்கொள். வாட்டாமல் போட்டால் கூழாகிவிடும். களைப்பாக இருந்தால் எதை வேண்டுமானாலும் விடு, இதை மட்டும் விடாதே.

அடுக்குவதில் பெரிய வித்தை இல்லை. அடியில் அந்தக் கலவையின் சாஸ் கொஞ்சம், மேலே டோர்டியாத் துண்டுகள், கோழிக் கலவை, சீஸ். மறுபடி அதே வரிசை. கடைசியில் சீஸ் தாராளமாக. பையில் துருவி வரும் சீஸ் ஒட்டாமல் இருக்க அதில் ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், அதனால் கட்டியாக வாங்கித் துருவினதைப் போல வழவழவென்று உருகாது. சனி ஞாயிறு என்றால் துருவு. செவ்வாய்க்கிழமை ராத்திரி பையைக் கிழித்துக் கொட்டு, யாரும் கேட்க மாட்டார்கள். ஃபாயில் மூடி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிஷம், திறந்து இன்னும் 15 நிமிஷம். ஓரமெல்லாம் கொதித்து, சீஸ் அங்கங்கே சிவந்திருந்தால் எடுத்துவிடலாம். உடனே வெட்டாதே, பத்து நிமிஷம் ஆறவிடு. இல்லையென்றால் தட்டில் ஓடும். அந்தப் பத்து நிமிஷத்தில் குளித்துவிட்டு வா.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், உனக்குப் பிடிக்கும். கிங் ராஞ்ச் என்பது தெற்கு டெக்சஸில் ரிச்சர்ட் கிங் 1853-ல் தொடங்கின மாட்டுப் பண்ணை. ரோட் ஐலண்ட் மாநிலத்தை விடப் பெரிது. சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற மாட்டு இனத்தையே உருவாக்கினவர்கள் அவர்கள். மாட்டுக்குப் பேர் போன இடத்தின் பெயர் ஒரு கோழிச் சாப்பாட்டுக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. பண்ணைக்காரர்களும் இது எங்களுடையது என்று சொல்லிக்கொள்வதில்லை. காய்ந்த டோர்டியாவை சாஸில் போட்டுப் புரட்டுகிற சிலாகிலெஸ் என்ற மெக்சிகோ பதார்த்தம்தான் இதற்கு மூத்தது என்பார்கள். மிஞ்சின இட்லியை உதிர்த்து உப்புமா செய்கிற அதே புத்தி. அதன் மேல் அமெரிக்க வீடுகளின் டின் சூப் வந்து சேர்ந்திருக்கிறது. ரோட்டெலும் நம் மாநிலத்துச் சரக்குதான். கார்ல் ரோட்டெல் என்பவர் 1943-ல் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் எல்சா என்ற சின்ன ஊரில் தக்காளியையும் பச்சை மிளகாயையும் சேர்த்து டின்னில் அடைக்க ஆரம்பித்தார். இப்போது உன் ஊர்க் கடையிலும் இருக்கும். மூன்று நாலு வகை இருக்கும், 'ஹாட்' என்று போட்டதை எடு. மற்றது உனக்குச் சப்பென்று இருக்கும்.

டின் சூப் போடுவதைப் பார்த்து உன் ஃப்ரெண்ட்ஸ் யாராவது முகம் சுளிக்கலாம். வெண்ணெய், மைதா, பால் வைத்து வெள்ளை சாஸ் காய்ச்சினால் ருசி கூடத்தான் செய்யும், நானும் செய்திருக்கிறேன். அதை லீவு நாளில் வைத்துக்கொள். வேலை நாளில் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஆனால், கடைசியில் நீ எதையுமே செய்ய மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், திங்கட்கிழமை வந்ததும் ஓவனில் தள்ளுவது மட்டும்தான் வேலை. ஜில்லென்று இருப்பதால் கால் மணி நேரம் கூட ஆகும். ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ட்ரேயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைக்காதே, படாரென்று வெடித்துவிடும். முந்தின நாளே அடுக்குவதாக இருந்தால் அலுமினிய ட்ரே வாங்கிக்கொள். வெந்தது ஃப்ரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள் தாங்கும். ஆபீஸுக்கு டப்பாவில் எடுத்துப் போகலாம், மறுநாள் ருசி கூடத்தான் இருக்கும்.

ஃப்ரீசருக்கு என்றால், ட்ரேயில் முதலில் ஃபாயில் விரித்து அதன் மேல் அடுக்கு. கல்லாக உறைந்ததும் ஃபாயிலோடு தூக்கிச் சுற்றி வைத்துவிடு, ட்ரே காலியாகிவிடும். வேண்டும் என்கிற நாளுக்கு முந்தின ராத்திரி ஃபாயிலைப் பிரித்து, பழைய ட்ரேயிலேயே வைத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்று.

உன் ரூம்மேட் சைவம் என்று சொன்னாய் அல்லவா? கோழிக்குப் பதிலாக கறுப்பு பீன்ஸ் இரண்டு டின் கழுவிப் போடு, ஃப்ரோசன் சோளம் ஒரு கப், ஒரு சீமைச் சுரைக்காயும் நறுக்கிப் போடலாம். சூப் இரண்டுமே மஷ்ரூமாக இருக்கட்டும், சாறுக்குப் பதில் பால். அதற்குப் பதில் மசித்து விற்கிற ரீஃப்ரைடு பீன்ஸ் வாங்கினால் டின்னைத் திருப்பிப் படி, பன்றிக் கொழுப்பு சேர்த்தது நிறைய உண்டு. பாதி ட்ரே அவளுக்கு, பாதி உனக்கு என்று நடுவில் ஃபாயிலை மடித்துத் தடுப்பு வைக்காதே, சாறு அந்தப் பக்கம் போய்விடும். 8 அங்குலச் சதுர ட்ரே இரண்டு வாங்கு.

வாடகை வீட்டு ஓவனை நம்ப முடியாது. முதல் தடவை 350 வைத்து எத்தனை நிமிஷத்தில் ஓரம் கொதித்தது என்று பார்த்து எனக்குச் சொல். சீக்கிரம் சிவந்துவிட்டால் அடுத்த முறை 325 வைக்கலாம். அம்மா ஊறுகாய் பார்சல் போட்டிருக்கிறாள், வியாழக்கிழமை வந்துவிடும். கேசரோலோடு எலுமிச்சை ஊறுகாய் நன்றாகத்தான் இருக்கும், அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா