யாழினிக்கு: எல்எல்ஆர் போடும்போது காரையும் சேர்த்துப் போடு

அன்புள்ள யாழினி,

பதினெட்டு முடிந்த கையோடு எல்எல்ஆர், அதாவது வண்டி பழகுவதற்கான லைசென்ஸ், போடப் போகிறாய் என்று அண்ணன் போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். கூடவே, "அவளுக்கு ஸ்கூட்டி போதும், காரெல்லாம் தம்பி ஓட்டிக்குவான்" என்றும் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நம் வீடுகளில் நிறையப் பெண்களுக்கு இதே கதைதான், அதனால் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் எந்த வகை வண்டி என்று கேட்பார்கள். கியர் இல்லாத டூவீலர், கியர் உள்ளது, கார் எல்லாம் தனித்தனி. ஸ்கூட்டிக்கு மட்டும் போட்டால் லைசென்ஸிலும் அது மட்டும்தான் வரும். அப்புறம் ஓர் அவசரத்துக்குக்கூட அப்பாவின் பைக்கை நீ எடுக்க முடியாது. கியர் வண்டிக்கு வாங்கிவிட்டால் ஸ்கூட்டியையும் தாராளமாக ஓட்டலாம். அதனால் கியர் பைக், கார் இரண்டையும் குறி. 'காரை அப்புறம் சேர்த்துக்கலாம்' என்பார்கள். சேர்க்கலாம்தான், ஆனால் அதற்கு மறுபடி எல்எல்ஆர், மறுபடி டெஸ்ட். படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஓடத் தொடங்கிய பிறகு அதற்கெல்லாம் யார் லீவு தருவார்கள்? இப்போது நீ வாங்கும் லைசென்ஸ் உன் 40 வயது வரை செல்லும். அத்தனை வருஷத்துக்கும் ஸ்கூட்டி மட்டும் போதும் என்று இன்றைக்கே வேறு யாரோ முடிவு செய்யக் கூடாது.

பதினாறு வயதிலேயே ஸ்கூட்டரில் டியூஷனுக்கு வந்த தோழிகளைப் பார்த்து நீ ஏங்கியது எனக்குத் தெரியும். ஆனால் அந்த விஷயத்தில் அண்ணன் சாவி தராதது சரிதான். பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் லைசென்ஸ் கிடைக்கும், ஆனால் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு மட்டும். கடையில் நிற்கிற ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 110 சிசி, அதற்கும் மேல். சின்னப் பிள்ளை விதியை மீறி ஓட்டிக் குற்றமாகிவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் சாரதி இணையதளத்தில்தான். உடல்நிலை பற்றிய உறுதிமொழியில், பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்டிருக்கும். கண்ணாடி போட்டுத் தெரிந்தாலும் போதும். நீ அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றுகிறவள், ஸ்டீயரிங் முன்னால் அது வேண்டாம். சிக்னல், சாலைக் குறியீடுகள் பற்றிய கம்ப்யூட்டர் டெஸ்ட் உனக்கு ஒன்றுமே இல்லை.

எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்தால் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். முப்பத்தோராம் நாளே ஓடாதே. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' இருக்கட்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கார் என்றால் பக்கத்தில், பைக் என்றால் பின்னால் இருக்க வேண்டும். பைக்கில் தோழியை ஏற்றிக்கொண்டு பழகக் கூடாது.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். நீ திணறும் முன்பே அவர் கால் வேலையை முடித்துவிடும், நன்றாக ஓட்டுகிறோம் என்று உனக்குத் தோன்றும். 'சார், கொஞ்ச நேரம் காலை எடுத்துடுங்க' என்று முதல் வாரமே கேட்டுவிடு. ஒரு மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் முதல் கியரில் நீயே கிளப்பு. அது கைவந்தால் பாதிப் பயம் போய்விடும். ஏறியதும் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சரிசெய். டெஸ்டில் பார்க்க வேண்டியவை என்று விதியில் உள்ள பட்டியல் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

பைக்குக்கு எட்டு போடச் சொல்வார்கள். கால் தரையில் படக் கூடாது. முன் சக்கரத்தைப் பார்க்காதே, அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே பார். முதல் கியரில் பாதி கிளட்ச், ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்காமல் ஒரே சீராக, பின் பிரேக்கில் லேசாகக் கால். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றால் கை நடுங்கும், பரவாயில்லை. தவறினால் ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போகலாம். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். 'நீங்க சும்மா வந்து நின்னா போதும், நாங்க பாத்துக்கறோம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நாளைக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போகப் போவது நீதான்.

லைசென்ஸ் தபாலில்தான் வரும், அதனால் விலாசத்தைச் சரியாகப் போடு. அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமை வருகிறேன். ஆதாரையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் எடுத்து வை, விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பிவிடலாம்.

அன்புடன்,
அத்தை