டப்பாப் பொடியும் வேலிக்கொடியும்

மோல்மீன், பர்மா,
தை மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம்தான்.

தசை கரைகிறது, புரதம் சேர்த்துக்கொள் என்று டாக்டர் சொன்னதையும், நீ ஓடிப்போய்ப் பொடி டப்பா வாங்கியதையும் படித்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டில் பேமியிட் அவித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பேமியிட் நினைவிருக்கிறதா? 1964இல் நீ கப்பல் ஏறும்போது நமக்குப் பத்து வயது. பள்ளிக்கூட வாசலில் ஒரு பர்மாக்காரக் கிழவி இலையில் வைத்து விற்பாளே, தோலை உரித்து உப்புத் தொட்டுத் தின்போமே, அதேதான். பேசாங்யா கொடியின் கிழங்கு. நான்கு பக்கமும் சிறகு வைத்த பச்சைக் காய் காய்க்குமே, நம் தமிழில் சிறகவரை.

மகன் கைபேசியில் பார்த்துச் சொன்ன கணக்கு எனக்கே வியப்பாக இருந்தது. 100 கிராம் உருளைக்கிழங்கில் புரதம் 2 கிராம், மரவள்ளியில் அதுவும் இல்லை. இந்தக் கிழங்கில் 10 கிராமுக்கு மேல். காய்ந்த விதையில் ஏறக்குறைய 30 கிராம் புரதம், 16 கிராம் கொழுப்பு. சோயாவுக்குப் பக்கத்து வீடு. இலை, பூ, பிஞ்சு, விதை, கிழங்கு எல்லாமே வாய்க்குள் போகும். சோற்றில் குறையும் லைசின் என்கிற புரதக்கூறு பயறு வகைகளில் நிறைய, பயறுகளில் குறையும் மெத்தியோனின் என்கிற இன்னொரு கூறு சோற்றில் உண்டு. ஆக நம் அரிசிச் சோற்றுக்கு இது நல்ல ஜோடி. இட்லிக்கு அரிசியோடு உளுந்தைச் சேர்த்த கதைதான். (நீ அங்கே தின்னும் உளுந்திலும் ஒரு பங்கு எங்கள் ஊர்ச் சரக்காக இருக்கும், அதை மறந்துவிடாதே!)

1975இல் அமெரிக்க அறிவியல் கழகம் இந்த அவரையைப் பற்றித் தனி அறிக்கையே போட்டது, உலகத்தின் பசியைத் தீர்க்கும் பயிர் இதுதான் என்கிற தோரணையில். அப்புறம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கொடிக்குப் பந்தல் வேண்டும், காய் ஒரே நேரத்தில் முற்றாது, பகல் குறுகினால்தான் பூக்கும், முற்றிய விதை வேகவே மாட்டேன் என்னும். விதையை ஊறவைத்து நன்றாக வேகவைக்காவிட்டால் அதிலுள்ள ஒரு பொருள் நம் செரிமானத்தையே தடுக்கும். படித்தவர்கள் விதையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். இங்குள்ள சனங்களோ கிழங்குக்காகவே வளர்த்தார்கள். யார் கெட்டிக்காரர் என்று நீயே சொல்.

ஆனால் காட்டுப் பயறு எல்லாம் அமிர்தம் என்று நினைத்துவிடாதே. போன மழைக்காலத்தில் டனியிந்தீ என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! அந்த நாற்றம்பிடித்த கொட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். அவித்துத்தான் தின்ன வேண்டும். நானோ நாக்கு ருசிக்கு ஏழெட்டைப் பச்சையாகவே மீன்சாற்றில் தொட்டுத் தின்றுவிட்டேன். மறுநாள் இடுப்பில் குத்தல், சிறுநீரில் இரத்தம். ஒரு மருத்துவமனையில் கல் என்று சொல்லி அறுக்க நாள் குறித்தார்கள். அங்கிருந்த வயதான நர்ஸம்மா மட்டும் என்னை முகர்ந்து பார்க்காத குறையாக, "டனியிந்தீ தின்றீர்களா? அவித்தா, பச்சையா?" என்று கேட்டார். அந்தக் கொட்டையில் கந்தகம் கலந்த ஓர் அமிலம் இருக்கிறது. ஜாவாவில் 1930களிலேயே கண்டுபிடித்ததாம். சிறுநீரில் கரையாமல் ஊசி ஊசியாகப் படிந்து கிழிக்கும். நிறையத் தண்ணீரும் சோடா உப்பும் கொடுத்ததில் மூன்றே நாளில் எழுந்து உட்கார்ந்தேன். கத்தி தப்பியது. வீட்டில் வசவு தப்பவில்லை.

உன் ஊருக்கு மேற்கே பாபநாசம் மலையில் மலைவாழ் மக்களான காணிக்காரர்கள் பூனைக்காலி விதையைத் தின்பார்கள். காயின் சுணை பட்டால் அரிப்பில் உயிர் போகும். உள்ளே இருக்கும் விதையில் கால் பங்கு அளவு புரதம். கூடவே, நடுக்குவாத நோய்க்கு மருந்தாகக் கொடுக்கும் லெவோடோபாவும் உண்டு, சும்மா அள்ளித் தின்றால் தலை சுற்றி வாந்தி வரும். அவர்கள் திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். சத்துப் பட்டியலில் அந்தக் கொட்டிய தண்ணீருக்கு ஒரு வரிகூட இருக்காது. எனக்கென்னவோ அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அந்தக் கைப்பக்குவம் தெரிந்த கிழவிகள் போய்விட்டால் விதை மட்டும் இருந்து என்ன பயன்? எங்கள் தெருவிலேயே பேமியிட் அவிக்கத் தெரிந்த தமிழ் வீடு இரண்டோ மூன்றோதான். பிள்ளைகளுக்குப் பொட்டல நூடுல்ஸ் போதும்.

பூனைக்காலியை நீயாகச் சமைத்துப் பார்க்கக் கிளம்பிவிடாதே, சொல்லிவிட்டேன். சிறகவரை என்றால் பயமில்லை. மலையாளத்தில் சதுரப்பயறு என்பார்கள். நாகர்கோவில் பக்கம் போனால் விசாரி, யார் வீட்டு வேலியிலாவது ஏறிக் கிடக்கும். பிஞ்சைப் பொரியல் செய்யலாம், பீன்ஸ் மாதிரிதான். கிழங்கு இறங்க மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இரு.

அந்தப் பொடி டப்பா காலியானதும் எறியாதே. விதை போட்டுவைக்க மூடி நல்ல இறுக்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் மச்சான்