நம்பெருமாளே வாசல்ல நின்னாரு, நம்ம வீட்டு ஆம்பளைங்க வரக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஆன்மிக பக்கத்துல ஸ்ரீரங்கம் பங்குனி உத்திர சேர்த்தி, அதாவது பெருமாளும் தாயாரும் சேந்து ஒக்காந்து காட்சி குடுக்கிறது, அதை பத்தி வந்திருந்ததை படிச்சேன். போட்டோ எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா கடைசியில, சேர்த்தி சேவைக்கு பொம்பளைங்க வந்து வேண்டிக்கிட்டா புருஷன் பொண்டாட்டி ஒத்துமையா இருப்பாங்க, தாலி பாக்கியம் கூடும்னு முடிச்சிட்டீங்க. ஏங்க, ஒத்துமைங்கறது ரெண்டு பேர் சமாச்சாரம் இல்லையா, வேண்டுதலை மட்டும் ஏன் ஒருத்தி தலையில கட்டுறீங்க? அதைக் கேக்கத்தான் இந்த லெட்டர்.

சேர்த்தியை பத்தி எழுதினீங்க, சரி. அதுக்கு முன்னாடி அன்னைக்கு காலையில நடக்கிற மட்டையடியை ஒரே வரியில தாண்டிட்டீங்க, எனக்கு என்னமோ விஷயமே அங்கதான் இருக்குன்னு தோணுது. தெரியாதவங்களுக்காக சொல்றேன். பங்குனி திருவிழாவுல ஆயில்யத்தன்னைக்கு ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் காவேரியை தாண்டி உறையூர் போறாரு, அங்க சோழ ராஜா பொண்ணா பொறந்த கமலவல்லி நாச்சியாரோட சேர்த்தி. அது முடிஞ்சு ஸ்ரீரங்கம் வந்து, மூணாம் நாள் உத்திரத்தன்னைக்கு ரங்கநாயகி தாயார் சன்னதிக்கு ஒண்ணும் தெரியாதவர் மாதிரி வராரு. இங்க கதவு படார்னு சாத்தப்படுது. இவர் வர வர கதவை மூடுறாங்க, தாயார் பக்கத்து ஆளுங்க வாழை மட்டையால அடிக்கிறாங்க, பூவை தூக்கி எறியறாங்க, பாவம் பல்லக்கு முன்னாடி போகுது பின்னாடி வருது, ஜனங்க சிரிக்கிற சத்தம் வெளி பிரகாரம் வரைக்கும் கேக்கும். கோயிலுக்குள்ள இவ்வளவு சிரிப்பு வேற எந்த உற்சவத்துலயும் நான் பாத்ததில்ல.

அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் ஒரு பேச்சு வார்த்தை நடக்குமே, பிரணய கலகம்னு, அதை கேட்டிருக்கீங்களா? தாயார் தரப்புல, கண்ணு ஏன் செவந்திருக்கு, தலை ஏன் கலைஞ்சிருக்கு, நெத்தியில கஸ்தூரி திருமண்காப்பு ஏன் கரைஞ்சிருக்குன்னு வரிசையா கேள்வி. பெருமாள் தரப்புல, உலகத்தை காப்பாத்த கண் முழிச்சேன் அதான் செவந்திருச்சு, காத்து அடிச்சு தலை கலைஞ்சிருச்சு, வெயில் காலம் வேர்த்துருச்சுன்னு பதில். அப்படியே நம்ம வீட்டு ஆளுங்க பதில்! நம்பலைன்னா சத்தியம் பண்றேன், சமுத்திரத்துல முங்கறேன், பாம்பு குடத்துக்குள்ள கை விடறேன்னு வேற சொல்லுவாரு. சமுத்திரம் நீ படுத்து தூங்குற எடம், பாம்பு உன் படுக்கை, இதெல்லாம் ஒரு சத்தியமான்னு அந்தப் பக்கத்துலேருந்து அடி விழும். கடைசியில நம்மாழ்வார் நடுவுல வந்து சமாதானம் பேசி வச்ச அப்புறம்தான் கதவு தொறக்கும்.

இன்னொண்ணும் கவனிக்கணும். ரங்கநாயகி தாயார் படி தாண்டா பத்தினி, சன்னதியை விட்டு வெளிய வர்றதே கிடையாது. அதனால ரெண்டு பேரும் சேந்து ஒக்கார்றது அவங்க எடத்துல, தாயார் சன்னதி பக்கம் இருக்கிற மண்டபத்துல, அதுவும் வருஷத்துல அந்த ஒரு நாள்தான். ராமானுஜர் கத்யத்ரயம்ங்கற மூணு துதியை சொல்லி சரணாகதி பண்ணது இந்த சேர்த்தி முன்னாடிதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. ராத்திரி அதே கத்யத்தை சேவிச்சு ரெண்டு பேருக்கும் சேத்து 18 தடவை திருமஞ்சனம், அதாவது அபிஷேகம் நடக்கும். மூலவர் பெரிய பெருமாள் சுதையில செஞ்ச திருமேனிங்கறதால அவருக்கு தைலக்காப்பு மட்டும்தான், அதனால தண்ணி, பால், தயிர், தேன், எளநீ, மஞ்சள், சந்தனம்னு எந்த குளியலா இருந்தாலும் அது உற்சவருக்குத்தான். அந்த பங்குனி வெயில்ல, ஊர் முன்னாடி மட்டையடி வாங்கி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து தண்ணி ஊத்திக்கிறாங்க. இந்த வரிசையைத்தான் நான் சொல்ல வரேன். மொதல்ல சண்டை, அப்புறம் பதில், அப்புறம்தான் குளியல். நம்ம ஆளுங்க முன்னாடி ரெண்டையும் விட்டுட்டு கடைசியை மட்டும் காசு கட்டி வாங்க பாக்குறாங்க.

இப்ப போனை தொறந்தா தம்பதி ஒற்றுமை அபிஷேகம், பேரும் நட்சத்திரமும் அனுப்புங்க, க்யூஆர் கோட்ல பணம் போடுங்க, பிரசாதம் கொரியர்ல வரும்னு விளம்பரம் வருது. யாரு அனுப்புறா? பொண்டாட்டிதான். புருஷனுக்கு தெரியவே தெரியாது, அவன் நட்சத்திரம் மட்டும் அபிஷேகத்துக்கு போயிட்டு வரும். எங்க சொந்தத்துலயே ஒரு பொண்ணு, வீட்டுக்காரர் நாலு மாசமா மூஞ்சி குடுத்து பேசல, மாமியார் என்னடான்னா நீ விரதம் இரு, அபிஷேகத்துக்கு பால் வாங்கி குடு எல்லாம் சரியாயிடும்னாங்க. அவளும் குடுத்தா. அவர்கிட்ட போய் நீயும் ஒரு நாள் கோயிலுக்கு வாடான்னு சொல்ல அந்த வீட்டுல ஒருத்தருக்கும் வாய் வரல.

கேதார கௌரி விரதத்தை அம்பாள்தானே இருந்தாங்கன்னு யாராவது கேப்பாங்க, கேக்கட்டும். பிருங்கி முனிவர் அம்பாளை விட்டுட்டு சிவனை மட்டும் சுத்தி வந்தாரு, அந்த கோவத்துல அம்பாள் தவம் இருந்து பாதி உடம்பை வாங்கினாங்க. எனக்கு எல்லாத்துலயும் சரிபாதி வேணும்னு இருந்த விரதம் அது, பொறுத்துக்கிட்டு போறதுக்கு இருந்த விரதம் இல்ல. திருச்செங்கோட்டுல மலை ஏறி போய் அர்த்தநாரீஸ்வரரை பாருங்க, ஒரே திருமேனி, வலது பாதி அவர், இடது பாதி அவங்க, ஊத்துற பால்ல இது அவருக்கு இது அவங்களுக்குன்னு யாரால பிரிக்க முடியும்? ஆனா தீபாவளி அமாவாசைக்கு நோன்பு எடுக்கிற வீடுகள்ல 21 இழை கயிறு, 21 அதிரசம்னு அடுப்புல வேகுறதும் பட்டினி கெடக்கிறதும் பெரும்பாலும் யாருன்னு உங்களுக்கே தெரியும். அவர் அதிரசம் சாப்பிட மட்டும் வருவாரு.

திருவண்ணாமலையிலயும் இதே கதைதான். மாட்டுப்பொங்கலன்னைக்கு திருவூடல், பிருங்கிக்கு காட்சி குடுக்கணும்னு அண்ணாமலையார் கெளம்ப, உண்ணாமலையம்மன் கோவிச்சுக்கிட்டு கோயிலுக்குள்ள போய் கதவை சாத்திக்குவாங்க, சுந்தரர் தூது போவாரு. திருவூடல் கண்டவருக்கு மறுவூடல் இல்லைன்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டு, அதுக்காகவே புருஷன் பொண்டாட்டி ஜோடியா வந்து தெருவுல நின்னு பாப்பாங்க. ஜோடியா வர்றாங்க, அதுதாங்க அழகு. சைவமோ வைணவமோ, நம்ம பெரியவங்க சாமிக்கே சண்டை போட எடம் குடுத்திருக்காங்க, நாமதான் சண்டையே போடாத பொம்பளைய நல்ல பொண்டாட்டின்னு பட்டம் கட்டி வச்சிருக்கோம்.

நான் ஒண்ணும் வேண்டுதல் வேண்டாம்னு சொல்லல, நானும் பால் வாங்கி குடுக்கறவதான், திருமஞ்சன தீர்த்தம் தலையில பட்டா எனக்கும் ஒரு நிம்மதி வரத்தான் செய்யுது. உங்ககிட்ட கேக்கறது சின்ன விஷயம். அடுத்த பங்குனிக்கு சேர்த்தி சேவை டைம் போடும்போது மட்டையடி டைமையும் பெருசா போடுங்க, பிரணய கலக வசனத்தை முழுசா ஒரு பக்கத்துக்கு போடுங்க, பலன்னு எழுதற எடத்துல தம்பதியா வந்து சேவிக்கணும்னு எழுதுங்க. கூட்டத்துக்கு பயந்து வர மாட்டேன்னு சொல்ற வீட்டுக்காரங்களுக்கு டிவியில லைவ் இருக்குன்னும் சேத்து போடுங்க, ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாக்கணும், அவர் பாதியில கிரிக்கெட்டுக்கு மாத்தக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி