மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டேன்

அன்புத் தோழிக்கு,

நலம்தான். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டே எழுதுவோம் என்று தள்ளிப் போட்டேன். மகளுக்குப் பரீட்சை முடிந்தது, எனக்குக் கண்ணாடி பவர் ஏறியது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்ற மூன்று பாகக் கற்பனை நாவல் வரிசையைத்தான் சொல்கிறேன். முதல் பாகம் 1995-இல், கடைசிப் பாகம் 2000-இல். நடுவில் காத்துக்கிடந்தவர்கள் பாவம். நீ எப்போதோ படித்துவிட்டு, முடிவைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தாயே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

கதாநாயகி லைராவையும், வேறோர் உலகத்துப் பையன் வில்லையும் பிரித்துவிட்டாரே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. திருப்பிப் புரட்டினால் எல்லாம் முன்பே சொல்லி வைத்ததுதான். ஓர் உலகத்தில் பிறந்தவர் இன்னோர் உலகத்தில் வெகுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. இரண்டாம் பாகத்திலேயே வில்லின் அப்பா நோயாளியாகத்தான் வருகிறார். வில்லிடம் இருக்கும் மாயக் கத்தி உலகங்களுக்கு நடுவே ஒவ்வொரு முறை வாசல் கிழிக்கும்போதும், பெரியவர்களின் உயிர்ப்பை உறிஞ்சும் 'ஸ்பெக்டர்' என்ற பேய் ஒன்று பிறக்கிறது, திறந்து கிடக்கிற வாசல் வழியாக, உணர்வுக்கே ஆதாரமான 'டஸ்ட்' என்ற துகள் ஒழுகிப் போகிறது. ஆகவே எல்லாவற்றையும் மூட வேண்டும், ஒன்றை மட்டும் திறந்து வைக்கலாம். அந்த ஒன்று தங்களுக்குக் கிடைக்காதா என்று இரண்டு பேரும் ஒரு கணம் ஆசைப்படுகிறார்களே, அங்கேதான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். அது இறந்தவர்கள் வெளியேற வேண்டிய வழி.

அதைக் கேட்க லைராவால் முடியாது, ஏனென்றால் இறந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். மரணத்தின் உலகத்தில் அவள் வழக்கம்போலக் கதை விட ஆரம்பித்ததும், அங்கே இருக்கும் ஹார்ப்பி, அதாவது பறவை உடலும் பெண் முகமும் கொண்ட பூதம், "பொய்! பொய்!" என்று அலறிக்கொண்டு மேலே பாய்கிறது. அப்புறம் ஆவிகள் கேட்டதற்காக, ஆக்ஸ்ஃபோர்டில் களிமண் பள்ளங்களில் பிள்ளைகள் போட்ட சண்டையை, அந்த மண்ணின் வாசனை உட்பட, உள்ளபடி சொல்கிறாள். அதே ஹார்ப்பிகள் அசையாமல் உட்கார்ந்து கேட்கின்றன. வாழ்ந்த கதையை உண்மையாகச் சொல்கிறவர்களை வெளியே கொண்டுபோய் விடுவோம் என்று ஒப்பந்தமே ஆகிவிடுகிறது. மூன்று பாகமும் பொய்யால் பிழைத்த பெண், கடைசியில் சொன்ன சொல்லுக்காகத் தன் ஆளை விடுகிறாள். இதைவிடப் பொருத்தமான முடிவு எனக்குத் தோன்றவில்லை.

கேட்டதற்கு உண்மையைக் காட்டும் கருவியான அலெத்தியோமீட்டரைப் படிக்கும் வரம் அவளை விட்டுப் போவதும் பிடித்தது. இனி வருடக்கணக்காகப் படித்துத்தான் மீட்க வேண்டுமாம். வளர்வது என்றால் அதுதானே!

குறை இல்லாமல் இல்லை. சக்கரத்தில் ஓடும் பிராணிகளான முலேஃபா வரும் பகுதியில் கொஞ்சம் கொட்டாவி வந்தது. வானுலகை ஆளும் தேவதூதன் மெட்டட்ரானோடு நடக்கும் சண்டை, அத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு, சட்டென்று முடிந்துவிடுகிறது. இருந்தும், 2001-ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் 'ஆண்டின் சிறந்த நூல்' பரிசை வாங்கிய முதல் சிறுவர் புத்தகம் இது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

2017-இல் தொடங்கிய அடுத்த வரிசையை இன்னும் தொடவில்லை. அதில் இருபது வயது லைராவுக்கும், அவள் ஆன்மாவே விலங்கு உருவில் கூட வரும் பான்டலைமனுக்கும் மனஸ்தாபமாமே? அதைக் கேட்டதும் பயந்துவிட்டேன். நீ நிச்சயம் படித்திருப்பாய். படிக்கலாமா, வேண்டாமா என்று மட்டும் எழுது. கதையைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி