கொப்பியை மூடிவிட்டுச் சொல்லிப்பார்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு போனில் நீ அழுதது எனக்குக் கேட்டது. தம்பி பக்கத்தில் படுத்திருந்தான், அதனால்தான் கேட்காத மாதிரி வேறு கதை கதைத்துவிட்டு வைத்தேன். பிறகு நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

ஜப்பான் மொழிச் சோதனையில் தவறியதை விட, அதற்குப் பிறகு நீ படிக்கும் விதம்தான் எனக்குக் கவலை. இரவு 2 மணி வரை விழித்திருக்கிறாய். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வகுப்புக்குப் போகிறாய். அந்த முடிவுத் தாளைத் தம்பி எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினான். மொத்தம் 180 இல் உனக்கு 94. நீ எழுதின என்4 மட்டத்தில் சித்திக்கு மொத்தம் 90 போதும், ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் தனியாகவும் ஒரு அளவு எடுக்க வேண்டுமாம். சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்த்து 77, அதற்கு 38 எடுத்தாலே காணும். கேட்டலில்தான் 60 இல் 19 வேண்டிய இடத்தில் 17 எடுத்திருக்கிறாய். இரண்டே புள்ளி, அதுவும் ஒரே ஒரு இடத்தில். அப்படியிருக்க நீ இரவிரவாக என்ன செய்கிறாய்? ஏற்கனவே தெரிந்த காஞ்ஜி எழுத்துகளைத் திரும்பவும் திரும்பவும் வாசிக்கிறாய். பிள்ளை, கூரை ஒழுகுகிற இடம் ஒன்று, நீ கிடுகு வைக்கிற இடம் இன்னொன்று.

உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் இதையே செய்தவள்தான்.

2013 இல் நான் மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். விடியமுன்னம் பரந்தன் சந்தியில் வாகனம் ஏற்றும், ஆனையிறவு தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடிக்கும், முகமாலை போய்ச் சேர வெளிச்சம் வந்துவிடும். அப்பா இல்லாத வீடு, நீயும் தம்பியும் சின்னப் பிள்ளைகள், அந்தச் சம்பளம் இல்லாமல் முடியாது. முகமாலை எத்தனையோ வருசம் இரண்டு பக்கமும் காவலரண் போட்டு இருந்த நிலம், கண்டுபிடிக்கிற கருவியை வைத்தால் எல்லா இடமும் கத்தும், அவ்வளவு இரும்புத் துண்டுகள். அதனால் முழங்காலில் இருந்து, இரும்பு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் இழுத்துப் பார்த்துத்தான் முன்னுக்குப் போக வேண்டும். பாரமான அங்கி, முகத்துக்கு மறைப்பு, மேலே வெயில்.

பயிற்சியில் நான் ஒவ்வொரு இரவும் குப்பி விளக்கில் கொப்பியை வாசிப்பேன். முழுக்கப் பாடம் என்று நினைத்தேன். செய்முறைச் சோதனை அன்று, பயிற்சி வளவில் தாட்டு வைத்த போலி மிதிவெடியின் மேல் வாரியை அழுத்திவிட்டேன். பெயில். அன்று பின்னேரம் சந்தியில் இறங்கி, வீட்டுக்கு வராமல் வாய்க்கால் கட்டில் இருந்து அழுதேன். உனக்கு இதைச் சொன்னதில்லை.

அடுத்த நாள் பயிற்றுநர் என்னிடம் "நீங்கள் எங்கே பிழை விட்டீர்கள்?" என்று கேட்டார். "எல்லாம் பிழை" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. செய்து காட்டச் சொல்லிப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். என் மணிக்கட்டு, வாரியை இழுத்து முடிக்கிற நேரம் கீழே மடங்குகிறது, அவ்வளவுதான். அந்தக் காலை முழுக்க அந்த ஒரு அசைவை மட்டும் செய்தேன், ஆறுதலாக, கை தானாகப் பிடிக்கும் வரை. அப்புறம் இன்னொன்று: அவர் ஒரு நாளும் பாடத்தைத் திரும்பச் சொல்ல மாட்டார். காலையில் வந்ததும் "கொப்பியை மூடுங்கள், நேற்று என்ன படித்தோம், சொல்லுங்கள்" என்பார். முதல் கிழமை எங்களுக்கு வாய் திறக்காது, வெட்கமாக இருக்கும். ஆனால் அப்படித் தடவித் தடவி எடுத்துச் சொன்னதுதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. கொப்பியில் வாசித்தது ஒன்றும் இல்லை.

இதைத் தம்பியிடம் சொன்னேன், அவன் தேடி எடுத்து வாசித்துக் காட்டினான். 2006 இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்து, சிலரைத் திரும்ப வாசிக்க வைத்தார்களாம், சிலரைப் பார்க்காமல் எழுத வைத்தார்களாம். ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு, ஒரு கிழமை கழித்துக் கேட்டால் பார்க்காமல் எழுதியவர்கள் முன்னுக்கு. அதாவது வாசித்தது கண்ணுக்குப் பழகிவிடுகிறது, பழகியதைத் தெரிந்தது என்று நாங்கள் நம்பிவிடுகிறோம். எபிங்ஹவுஸ் என்று ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு கெதியாக மறக்கிறது என்று அளந்து 1885 இலேயே எழுதியிருக்கிறார். முதல் நாளிலேயே பெரும்பங்கு போய்விடுகிறதாம். அது எல்லா மனிதருக்கும் நடப்பது, நீ மொக்கு என்பதால் இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். காஞ்ஜியை இப்போதைக்கு விடு, மறக்காமல் இருக்க ஒரு கால் மணி நேரம் காணும். மிச்ச நேரம் காதுக்கு. எழுத்தாகப் பார்த்தால் தெரிகிற சொல், காதில் விழுந்தால் தெரியவில்லை என்று நீதானே சொன்னாய், சோதனையிலும் ஒரே தடவைதான் ஒலிக்கும் என்றாய். பத்து வசனம் எடு. எழுத்தைப் பார்க்காமல் கேள், கேட்டதை எழுது, பிறகு புத்தகத்தைத் திறந்து எங்கே விழுந்தாய் என்று பார். விழுந்த இடத்தை மட்டும் திரும்பக் கேள். அடுத்த நாள் ஒருக்கா, மூன்று நாள் விட்டு ஒருக்கா, ஒரு கிழமை விட்டு ஒருக்கா. மறக்கத் தொடங்கும்போது திரும்ப எடுத்தால்தான் அது இறங்கும்.

நீ முதலில் அந்த மொழியைப் பற்றிச் சொன்ன சந்தோசம் எனக்கு மறக்கவில்லை. "அம்மா, இது எங்கடை தமிழ் மாதிரி, வினை கடைசியில் வருது, மிசு ஓ நொமிமாசு, தண்ணீரைக் குடிக்கிறேன், அந்த ஓ தான் எங்கடை ஐ" என்று சொன்னாய். அந்த மொழியின் 46 ஹிரகனா எழுத்தையும் இரண்டு கிழமையில் பாடமாக்கின பிள்ளை நீ.

இனி நித்திரை. முகமாலையில் காலையில் எங்களைப் பார்ப்பார்கள், காய்ச்சல் என்றாலோ இரவு நித்திரை இல்லை என்று முகம் சொன்னாலோ உள்ளே விடமாட்டார்கள். வேலை தொடங்கி ஒரு மணி நேரம் போனால் எழும்பச் சொல்லி நிழலில் இருத்தித் தண்ணீர் குடிக்க வைப்பார்கள். முதலில் எனக்கு அது வீண் நேரமாகத்தான் பட்டது. களைத்த கையால் செய்கிற வேலையை நம்ப முடியாது என்று பிறகு விளங்கியது. பகலில் படித்ததை மூளை நித்திரையில்தான் அடுக்கி வைக்கிறதாம், அப்படியென்றால் 2 மணி வரை நீ முழித்திருந்து சேர்த்ததை நீயே கொட்டிவிடுகிறாய். 10 மணிக்குப் படு. காலையில் ஒரு பிடி சோறோ புட்டோ சாப்பிட்டுவிட்டுப் போ. பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் அரை மணி நேரம் நட, அந்தப் பத்து வசனத்தையும் காதில் போட்டுக்கொண்டு நட.

இந்தப் பழக்கம் நாலு நாளில் வராது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை 12 கிழமை கவனித்திருக்கிறார்கள். ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரி 66 நாள், சிலருக்கு 18 நாளிலும் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லையாம். ஒரு நாள் முடியாமல் போனால் அடுத்த நாள் செய், அதற்காக இரவிரவாக ஈடுகட்டாதே.

வன்னிச் சனம் எதையும் தாங்கும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தாங்கினோம்தான், அது எப்படி என்று கேட்க ஒருவரும் இல்லை. 2009 இல் செட்டிகுளம் முகாமில் எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்தில் இருந்த மாமி, தண்ணீர் வரிசையில் உன்னைக் குந்த வைத்து, மணலில் விரல் பிடித்து எழுதக் காட்டுவா. நாளுக்கு ஒரு எழுத்து. அடுத்த நாள் வரிசையில் முதலில் நேற்றைய எழுத்தை நீ அழிக்காமல் எழுத வேண்டும். உனக்கு ஆறு வயது, பள்ளிக்கூடம் இல்லை, அப்பா இல்லை, நீ ஒவ்வொரு நாளும் வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலே ஓடுவாய். எனக்கும் அந்த வரிசைதான் பிடிமானம். அந்த மனிசி இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. நீயும் தனியே அறைக்குள் இருந்து படிக்காதே. உன்னோடு வகுப்பில் இருக்கும் அந்த மட்டக்களப்புப் பிள்ளையைக் கூப்பிடு, ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டு எழுதுங்கள்.

ஒடியல் மாவும் எள்ளுருண்டையும் நாளைக்கு இரவு பஸ்ஸில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் எடு. நான் தமிழில் பத்து வசனம் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றாகச் சொல்வேன், நீ ஒன்றையும் பார்க்காமல் ஜப்பான் மொழியில் சொல்ல வேண்டும். எனக்கு விளங்காது, தம்பி போனில் சரி பார்ப்பான். முதல் வசனம் "நான் இன்று காலையும் மத்தியானமும் சாப்பிட்டேன்." அது உண்மையாக இருந்தால்தான் இரண்டாவதைக் கேட்பேன்.

அம்மா