ஆரஞ்சு மூடி

அன்புள்ள மல்லிகா,

நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்து, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து நாலு மாதம் ஆகிறது. பதில் இப்போதுதான் வருகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, பெரியவன் பிளஸ் டூ, எனக்கு நரை. நலம் விசாரிப்பு முடிந்தது.

செப்டம்பரில் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள். இல்லை, அனுப்பினோம். கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.

இருபத்திரண்டு வயது. பிளஸ் டூ, மூன்று மாதப் பயிற்சி, அவ்வளவுதான். வீடுகளுக்கு ஆள் அனுப்பும் எங்கள் நர்சிங் ஏஜென்சியில் இப்படி வருகிறவர்களை விளம்பரத்தில் 'நர்ஸ்' என்போம். சம்பளம் கொடுக்கும்போது 'அட்டெண்டர்'. அவள் பார்த்துக்கொண்டது எழுபத்தெட்டு வயதுத் தாத்தா ஒருவரை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பேனா ஊசியில் 12 யூனிட் இன்சுலின். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேனாவின் பட்டன் இறங்கவில்லை. வீட்டில் பாட்டி மட்டும்தான்; மகன் இருப்பது வெளிநாட்டில், வீடியோ காலில். பிரிட்ஜ் கதவில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், பழைய சிரிஞ்சு இரண்டு கிடந்திருக்கின்றன. பேனாவுக்குள் இருந்த கார்ட்ரிட்ஜில் ஊசியைக் குத்தி, 12-ஆவது கோடு வரை சரியாக எண்ணி இழுத்துப் போட்டுவிட்டாள்.

இந்நேரம் உனக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். ஆமாம், சிவப்பு மூடி. மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கான சிரிஞ்சு அது. பேனாவில் இருப்பதோ 100, அதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு வேண்டும். உள்ளே போனது 30 யூனிட்.

பதினொரு மணிக்குத் தாத்தாவுக்கு வேர்த்துக் கொட்டி உளறல். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48-க்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்தல், மறுபடி சர்க்கரைத் தண்ணீர், பிறகு இரண்டு இட்லி. விடிய விடியக் கண் விழித்து, ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு மூன்று தடவை போன் செய்திருக்கிறாள். என் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது.

காலையில் தானாகவே சொன்னாள்: "நான்தான் போட்டேன் சிஸ்டர். 12 தான் எடுத்தேன். எங்க தப்பாச்சுன்னுதான் தெரியலை." பயிற்சி நோட்ஸைப் புரட்டினேன். ஊசி போடும் இடத்தை மாற்று, பிரிட்ஜில் வை, எல்லாம் இருக்கிறது. சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி பற்றி ஒரு வரி இல்லை. நோட்ஸ் தயாரித்த மகராசி யார் தெரியுமா? நான்தான்.

ஆபீஸில் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு. அவளே ஒப்புக்கொண்டதால் விசாரணைகூட வேண்டாமாம். தாத்தா வீட்டில் யாரும் அவளை அனுப்பச் சொல்லவில்லை, "ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளையை எங்கே?" என்றுதான் பாட்டி கேட்டார். அந்த வாரமே செப்டம்பர் 17. உலக நோயாளர் பாதுகாப்பு நாள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஆரம்பித்தது, நிறம் ஆரஞ்சு. எங்களையெல்லாம் ஆரஞ்சுப் புடவையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். என்னிடம் அந்த நிறமே இல்லை, அண்ணியிடம் கடன் வாங்கினேன். அத்தனை ஆரஞ்சிலும் எங்கள் பையில் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு ஒன்று கிடையாது மல்லி.

நடந்தது அதோடு நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, இன்னொரு வீட்டில் ஓர் அம்மாவுக்குக் கால் ஒரு பக்கம் குட்டையாகத் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரேயில் இடுப்பு எலும்பு முறிவு. பாத்ரூமில் விழுந்து இரண்டு நாள் ஆகியிருக்கிறது. கூட இருந்தவள் எட்டு வருஷ அனுபவசாலி. நோட்டில் 'நன்றாக இருக்கிறார்' என்று இரண்டு நாளும் எழுதியிருக்கிறாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "சொன்னவளைத்தான் அனுப்பிட்டீங்களே சிஸ்டர்" என்றாள். நான் என்ன பதில் சொல்ல?

அன்றைக்கு ராத்திரி, நம் வார்டில் நான் தவறுதலாகப் போட இருந்த பொட்டாசியம் ஊசி ஞாபகம்தான். நீ என் மணிக்கட்டைப் பிடிக்காமல் இருந்திருந்தால்! மறுநாள் நம் வார்டுப் பொறுப்பு விசில் சிஸ்டர் நம்மைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று காலை டிபனைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தோமே. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆம்பூல் பெட்டியைத் தூக்கி வேறு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். வார்டில் மணிக்கட்டைப் பிடிக்க நீ இருந்தாய். வீட்டில் அந்தப் பெண்ணுக்கு யார்? கேஸ் ஷீட் கிடையாது, டாக்டர் கிடையாது, எட்டிக் கூப்பிட ஆள் கிடையாது. ஒரு போன் எண் இருந்தது.

நோட்ஸைத் திருத்திவிட்டேன். இரண்டு சிரிஞ்சையும் அட்டையில் ஒட்டி எல்லோர் பையிலும் போட்டாயிற்று. ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன்: பெயர் போடாமல் தப்பை எழுதலாம். மூன்று வாரத்தில் ஒரே ஒரு பதிவு, 'போனை எடுக்கவில்லை' என்று. கையெழுத்தைப் பார்த்து எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நீ 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தினமும் வீடு வீடாய்ப் போகிறவள். உன் தன்னார்வலர்கள் தப்பு நடந்தால் உன்னிடம் சொல்கிறார்களா? சொன்னால், முதல் வார்த்தை நீ என்ன பேசுவாய்? அதை அப்படியே எழுது, அழகுபடுத்தாதே.

அந்தப் பெண் இப்போது துணிக்கடையில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். வரச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, ஆனாலும் போகிறேன். காலி பாட்டிலை உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
ஜெயா